ஏரோப்ளானுக்குக் காது தேடியவர்

ஏரோப்ளானுக்குக் காது எங்கே இருக்கிறது என்று தேடிய மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் ராசிபுரத்தில் எங்கள் தறிக்காரத் தெரு முக்கில் படம் எடுக்கும் கடை வைத்திருந்தார். தேடியதோடு விட்டாரா? காது கிடைக்கவில்லை என்றதும் அந்த ஏரோப்ளானுக்குப் பிறவி ஊனம் என்றே முடிவுகட்டினார்.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் என்னவென்று எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரிந்த மாதிரியும் இல்லை. எல்லோருக்கும் அவர் 'ரெண்டுகாதுக்காரர்'. படம் என்றால் இரண்டு காதும் தெரியவேண்டும், இரண்டு கையும் தெரியவேண்டும், இரண்டு பாதமும் தெரியவேண்டும். ஒன்று குறைந்தாலும் அது அவருக்குப் படம் இல்லை, ஊனம்.

"ஒத்தைக் காதோட மூஞ்சிய எடுத்துச் செவுத்துல மாட்டுனா, பாக்கறவன் என்ன கேப்பான்? இன்னொரு காது எங்கீனு கேப்பானா, மாட்டானா? அவனுக்கு நீ போயிப் பதில் சொல்லுவியா?" என்பார்.

பதில் சொல்ல யாரும் தயாராக இல்லாததால் எல்லோரும் நேராக உட்கார்ந்தார்கள். ஒரு மிராசுதாரர் மட்டும் தலையில் கட்டிய உருமாலைக் கழற்ற மாட்டேன் என்று முறைத்தார். ரெண்டுகாதுக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. பக்கத்தில் போய், உருமாலுக்குள்ளே விரலை விட்டு, இரண்டு காதையும் வெளியே இழுத்துவிட்டு வந்து படத்தை எடுத்துவிட்டார். அண்டாவுக்குப் பிடி வைத்த மாதிரி இருந்ததாம். "இது ஆருங்க?" என்று மிராசுதாரரின் சம்சாரமே கேட்டதாக ஊரில் பேச்சு.

புதுச்சத்திரத்து விவசாயி ஒருவர் தன் காளையைக் கூட்டிவந்தார். சந்தைக்குப் போகும்போது காட்டிப் பெருமை பேச ஒரு படம் வேண்டும் என்றார். படத்தில் இரண்டு கொம்பு, இரண்டு காது, நடுவில் ஈரமாக ஒரு மூக்கு. விவசாயி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, மாடு எங்கீங்க?"

"பொறத்தால இருக்குதுங்க."

இப்படி ஊர்க்காரர்கள் காதையெல்லாம் கவனித்தவருக்கு அவருடைய காதே பெரிய காது. மடல் இரண்டும் தோள்பக்கம் இறங்கப் பார்க்கும். சின்ன வயதில் கடுக்கன் போட்ட ஓட்டை, ஒரு மிளகு நுழைகிற அளவுக்கு அப்படியே நின்றிருந்தது. ஆனால் அவரை உட்காரவைத்து எடுக்க இன்னொரு படக்காரர் ஊரில் இல்லை.

காதை விட்டால் அவருக்குப் பெருமை பென்சில் வேலை. அப்போதெல்லாம் படம் முதலில் கண்ணாடிப் பிளேட்டில் விழும். அந்தப் பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக அடைப்பார். பிறகு காகிதத்தில் போட்டால் முகத்தில் மரு இருக்காது, வடு இருக்காது. அம்மை போட்டுப் போகாத வீடே அந்தக் காலத்தில் குறைவு. எங்கள் தெருவில் தழும்பில்லாத முகங்கள் சுவரில்தான் இருந்தன.

எனக்கும் எட்டு வயதில் அம்மை போட்டு, பிழைக்கமாட்டேன் என்று சொல்லி, எப்படியோ பிழைத்தேன். கன்னம் இரண்டிலும் அது தன் கணக்கை வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நான் ஆட்கள் முன்னால் வருவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றே வளர்ந்தேன். வயது வந்தபின் இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். "போயிச் சொல்லியுடறோமுங்க" என்றார்கள். இன்னும் சொல்லிவிடவில்லை.

அப்புறம் நாமகிரிப்பேட்டையிலிருந்து ஓர் அத்தை வந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவர் மகன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் வருகிறான், வருகிறான் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த சமயம் அது.

"எனக்கு உங்க புள்ளையத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது. ஒரு படம் அனுப்பு, பாத்துட்டுச் சொல்றேங்கறான். பட்டாளத்துல சேந்ததுல இருந்து இந்த நாயமெல்லாம் வந்திருச்சு அவனுக்கு" என்றார் அத்தை.

அம்மாவுக்கு உயிர் வந்தது. படம் என்றால் ரெண்டுகாதுக்காரர். ரெண்டுகாதுக்காரர் என்றால் பென்சில். அன்றைக்கே கடைக்குப் போய் நின்றாள்.

"வழவழன்னு இருக்கோணுமுங்க. நெய்யி தடவுன மாதிரி."

"செஞ்சரலாமுங்க. ஆனா மொதல்ல ஏரோப்ளானு. அப்பறந்தான் உங்க புள்ள."

என்ன ஏரோப்ளான் என்றால், சேலத்தில் யுத்த நிதிக்காகப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். முந்தின சண்டையில் ஓடிய பழைய ஏரோப்ளான் ஒன்றைக் கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதைப் படம் எடுத்து, காகிதத்தில் போட்டு, வருகிறவர்களுக்கு விற்பதாக ஏற்பாடு. சேலத்துப் படக்காரர்களிடம் பிளேட்டு தீர்ந்துபோயிருந்தது. சண்டையில் கப்பல் வரவில்லை. எங்கள் ஆளிடம் மட்டும் ஒரு பெட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதனால் அவருக்கு வந்தது அழைப்பு. ஆக, ஏரோப்ளானுக்கும் எனக்கும் ஒரே பெட்டிப் பிளேட்டு.

அப்பா அவருடைய முக்காலியைத் தூக்கிக்கொண்டு துணைக்குக் கிளம்பினார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கிளம்பினேன். அப்போது பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ். மேடு வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். சேலம் போய்ச் சேர்ந்தபோது எங்கள் எல்லோருக்கும் ஒரே நிறம்.

ஏரோப்ளானைப் பார்த்ததும் எனக்குப் பெரிய குழப்பம். ஆகாயத்தில் பறப்பது என்றால் இரும்பு, எஃகு என்று நினைத்திருந்தேன். இதுவோ இரண்டு அடுக்கு இறக்கை, நடுவில் குச்சி குச்சியாக முட்டுக்கொடுத்து, பந்தல்கால் மாதிரி நின்றது. கயிறு கட்டி ஜனத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அப்பா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய் இறக்கையைத் தொட்டுவிட்டார். தொட்டவர் கத்தினார்.

"அட, துணியுங்க இது!"

அவ்வளவுதான். ராசிபுரத்திலிருந்தும் அம்மாபேட்டையிலிருந்தும் வந்திருந்த தறிக்காரர்கள் மொத்தமும் கயிற்றுக்கு உள்ளே. சண்டையாவது, வீரமாவது! ஒருத்தர் இறக்கையைத் தடவுகிறார், ஒருத்தர் சுண்டிப் பார்க்கிறார், ஒருத்தர் இழை எண்ணுகிறார்.

"கஞ்சி பாருங்க, என்ன மொடமொடப்பு!"

"பாவு நல்லாத்தான் ஓட்டியிருக்கறான். ஊடைதான் சித்தெ தளர்ச்சி."

அப்பா அங்கே நின்ற அதிகாரியிடமே கேட்டுவிட்டார். "ஏனுங்க சாமி, இதுக்கு எத்தனாம் நம்பரு நூலுங்க?" அதிகாரி பட்டணத்துக்காரர். கால்சட்டையும் தொப்பியுமாக இருந்தவர், அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

வெளியே நின்ற ஒரு பெண்பிள்ளை, "கட்டறதுக்குத் துணி இல்ல, கன்ட்ரோலுங்கறாங்க. இதுக்கு மட்டும் ரெண்டு அடுக்காக் கட்டியுட்டிருக்கறாங்க பாரு!" என்றாள்.

இத்தனை சத்தத்திலும் ரெண்டுகாதுக்காரர் ஏரோப்ளானைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். முன்னால் போனார், பின்னால் போனார், குனிந்து அடியில் பார்த்தார்.

"காது எங்கீங்க இதுக்கு?"

அதிகாரி, "காதா?" என்றார்.

"சரி, காது இல்லாட்டிப் போகுது. பொறக்கறப்பவே இல்ல போல. கை ரெண்டும் நல்லா இருக்குது. நேரா நின்னு எடுத்துருவோம்."

"நேரா வேணாம்யா. பக்கத்துல இருந்து எடு. அந்த ஓட்டையெல்லாம் விழணும்."

ஏரோப்ளானின் வயிற்றிலும் வாலிலும் குண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். ரெண்டுகாதுக்காரர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வந்த இடத்தில் ஒருவருடைய புண்ணைப் பார்த்த மாதிரி கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"பக்கத்துல எடுத்தா மொண்டியாப் போயிருமுங்க."

"எடுக்கிறியா, ஆளை மாத்தட்டுமா?"

எடுத்தார். நேராக ஒன்று தன் மனசுக்கு, பக்கவாட்டில் ஒன்று அதிகாரிக்கு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில், "சித்தெ அசையாம இருங்க சாமி. மூச்ச இழுத்துப் புடிங்க" என்று ஏரோப்ளானிடம் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் காற்று வீசி, மூக்கில் இருந்த மரவிசிறி மெதுவாகத் திரும்பியது. துணிக்குள்ளிருந்து ஒரு கூச்சல்.

"அசைஞ்சிருச்சே! சொல்லச் சொல்ல அசைஞ்சிருச்சே! ஒரு பிளேட்டு போச்சே!"

மறுபடி எடுக்கும்போது, அப்பா போய் அந்த விசிறியைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தியிருந்தார்.

படம் போட்டு முடித்து, அப்பாவும் அவரும் மறுபடி சேலம் போனார்கள். அங்கே நடந்ததை அப்பா சாகிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். அதிகாரி படத்தை வாங்கிப் பார்த்தாராம். இன்னொரு தடவை பார்த்தாராம். வெளியே போய் ஏரோப்ளானையும் பார்த்துவிட்டு வந்தாராம்.

"என்னய்யா இது?"

"ஏரோப்ளானுங்க."

"ஓட்டையெல்லாம் எங்க?"

"அடைச்சுட்டேனுங்க. கண்ணு பூத்துப் போச்சு. ஒண்ணு பாக்கியில்ல."

"எவன்யா அடைக்கச் சொன்னது?"

"இதெல்லாம் சொல்லோணுமுங்களா? நாலு பேரு கைக்குப் போற படம். பொத்தலும் கிழிசலுமா இருந்தா உங்களுக்குத்தானுங்க கேவலம்."

அதிகாரி தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாராம். "யோவ், இத்தனை குண்டு பட்டும் கீழ விழாம ஊர் வந்து சேர்ந்ததுய்யா இது! அந்த ஓட்டைதான் இதுக்கு மெடல். ஓட்டை இல்லேன்னா இது வெறும் பழைய துணி. அதைப் பார்க்க எவன் வருவான்?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது ரெண்டுகாதுக்காரர் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். மேட்டில் இறங்கித் தள்ளும்போது, "மெடலாமுங்க" என்றாராம்.

மனுஷர் சும்மா இருந்தாரா? பென்சில் புள்ளிகளைத் துடைத்து ஓட்டைகளை மீட்டார். மீட்டவருக்கு ஒரு யோசனை. ஓட்டைதான் பெருமை என்றால் கஞ்சத்தனம் எதற்கு? கத்திமுனையால் பிளேட்டைச் சுரண்டி, தாராளமாக இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டார். படம் விற்பனைக்கு வந்தது. ஜனங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏரோப்ளானைச் சுற்றினார்கள். "படத்துல இருக்கற பொத்தல் இங்க காணமே! ஆரோ தெச்சுட்டாங்க!" என்று ஒரே ரகளை. தறிக்காரர்கள்தான் ராவோடு ராவாக இழை கோத்திருப்பார்கள் என்று அவர்கள் மேலே சந்தேகம் திரும்பியது. அப்பா அதற்குப் பிறகு அந்த மைதானத்துப் பக்கமே போகவில்லை.

அதிகாரி கடைசியாகச் சொன்னது ஒரே வார்த்தை. "இருக்கறது இருக்கறபடி! கூடவும் வேணாம், குறையவும் வேணாம். இல்லேன்னா உள்ள தள்ளிருவேன்!"

இந்த நிலையில்தான் என் முறை வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். என் தலையை நேராக்கினார், முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார், "அசையாத சாமி" என்றார். எனக்கு அசைய எங்கே தெம்பு? பெட்டியில் இருந்த கடைசிப் பிளேட்டு அது.

படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா பார்த்தாள். என் முகத்தில் இருந்த குழி அத்தனையும் படத்தில் இருந்தது. சிவப்பு வட்டம் ஒன்றுதான் குறை.

"அட, என்னுங்க இது! எம் புள்ள பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!"

"மெடலுங்க அம்மிணி அது."

"மெடலாமா மெடலு! உங்க மெடலக் கொண்டுபோயி அந்த ஏரோப்ளான்காரனுக்கே குத்துங்க. எனக்குப் பென்சில் வேலை வேணும்!"

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அழிச்சா அந்த ஆபீசரு திட்டறாரு. அழிக்காட்டி நீங்க திட்டறீங்க. சேத்திப் போட்டா செயிலுங்கறாங்க. நான் எதைத்தானுங்க பண்றது?" சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். "ஏஞ்சாமி, உன்ற மூஞ்சிதான இது. நீ சொல்லு. அடைக்கட்டுமா, உட்டுரட்டுமா?"

என் முகத்தைப் பற்றி ஊரே பேசியிருக்கிறது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. அழித்துக் கொடுத்தால் அத்தை மகன் சம்மதிப்பார். நேரில் பார்க்கிற அன்றைக்கு என்ன ஆகும்? அழிக்காவிட்டால் அந்த நேரில் பார்க்கிற நாளே வராது.

"தெரியிலீங்க" என்றேன்.

அவர் அதை ஏதோ தீர்ப்பு மாதிரி கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் அம்மா கடைக்குப் போனபோது படம் இல்லை. நாமகிரிப்பேட்டை ஆள் ஒருத்தர் லீவு முடிந்து, அத்தை மகன் இருந்த முகாமுக்கே திரும்பிப் போகிறார் என்று, அத்தை வந்து அவசரமாக வாங்கிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

"பென்சில் வேலை முடிச்சீங்களா?"

"பாதி முடிச்சேனுங்க."

"பாதியா?"

"வலக் கன்னத்த அடைச்சுட்டேன். எடக் கன்னத்த உட்டுட்டேன். புள்ள தெரியிலீங்கறா. தெரியாத வேலைய முழுசாச் செய்யக் கூடாதுங்க."

அம்மா வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அப்பா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, ஊடை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தக் கன்னத்தன்னு சொன்னே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு இடத்தோடு இதுவும் மூன்றாவது என்று நினைத்துக்கொண்டேன். கதவுக்குப் பின்னாலேயே இனி இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, காக்கிச் சட்டை போட்ட ஒருத்தர் ரெண்டுகாதுக்காரர் கடை முன்னால் வந்து நின்றார். கையில் என் படம்.

"ஏனுங்க, இது ஒரு புள்ளையா, ரெண்டு புள்ளையா?"

"ஒண்ணுதானுங்க."

"அப்ப மூஞ்சி?"

"அதும் ஒண்ணுதானுங்க. கன்னந்தான் ரெண்டு. எல்லாருக்கும் அப்படித்தான?"

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பலனில்லை என்று வந்தவர் புரிந்துகொண்டார். ரெண்டுகாதுக்காரரே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அம்மா பதறிப்போய்ப் பாயை விரித்தாள்.

"மாமா, கேம்புல இந்தப் படத்த வெச்சுக்கிட்டு ஒரே சண்டைங்க" என்று அத்தை மகன் அப்பாவிடம் சொன்னார். "வலக் கன்னந்தான் நெசம்னு ஒரு கச்சி. எடக் கன்னந்தான் நெசம்னு ஒரு கச்சி. சுபேதாரு வரைக்கும் போயிருச்சு. முழுசா வழவழன்னு இருந்திருந்தா, நல்லாத்தான் இருக்குதுனு சும்மா இருந்திருப்பேன். பாதி புரிஞ்சுது, மீதி புரியில. அதான் லீவு போட்டுட்டு வந்தேன்."

அம்மா என்னைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்து நிறுத்தினாள். அவர் பார்த்தார். வலப் பக்கம் பார்த்தார், இடப் பக்கம் பார்த்தார்.

"ரெண்டு கச்சியும் தோத்துப் போச்சு. கன்னத்தையே பாத்துக்கிட்டு மூஞ்சியப் பாக்காம உட்டுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

என்ன அர்த்தம் என்று விளங்காமல் நான் தலையை நிமிர்த்தினேன். அப்போதுதான் பார்த்தேன். அவருக்கு இடது காதில் பாதி இல்லை. லாரி கவிழ்ந்தபோது கண்ணாடி வெட்டிக்கொண்டு போயிருந்தது. இதை அத்தை எங்களுக்குச் சொல்லவில்லை. ரெண்டுகாதுக்காரரும் அதே நேரத்தில் பார்த்திருக்கவேண்டும். "ஐயையோ" என்ற சத்தம் வாசலிலிருந்து வந்தது.

அந்த லீவிலேயே கல்யாணம். ரெண்டுகாதுக்காரர் எங்கேயோ அலைந்து ஒரு பிளேட்டு வாங்கிவந்தார். எங்களை நிற்கவைத்தார். கறுப்புத் துணிக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆளைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. மறுபடி நேராக்கினார்.

"எப்படி எடுக்கட்டுமுங்க மாப்ள?"

"உங்க இஷ்டமுங்க."

"என்ற இஷ்டமா? ஆரும் இப்படிச் சொன்னதில்லீங்களே" என்று நின்றார். பிறகு எடுத்தார்.

படம் வந்தது. என் இரண்டு கன்னமும் இருக்கிறபடி இருந்தன. அதில் பென்சில் படவே இல்லை. வீட்டுக்காரருக்கோ காது இரண்டும் முழுசாக இருந்தன. பென்சிலால் மீதியை வரைந்திருந்தார். அழகான வேலை. ஆனால் அந்தக் காது அவருக்குப் பொருந்தவில்லை. கொஞ்சம் பெரிது. மடல் கீழே இறங்கியிருந்தது. அதில் ஒரு மிளகு நுழைகிற அளவுக்கு ஓட்டை. என் வீட்டுக்காரர் கடுக்கன் போட்டதே இல்லை.

"இது என்ற காது மாதிரி இல்லீங்களே" என்று அவர் போய்க் கேட்டாராம்.

"வரையறதுக்கு ஒரு காதப் பாக்கோணுமில்லீங்க. மூஞ்சி பாக்கற கண்ணாடியில எது தெரிஞ்சுதோ அதைப் போட்டேன். இருக்கறது இருக்கறபடி."

ரெண்டுகாதுக்காரர் போய் ரொம்பக் காலம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரரும் போய்விட்டார். ஊரில் எல்லோரையும் படம் எடுத்தவருக்கு ஒரு படம் இல்லை என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். நான் குறுக்கே பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை சுவரில் படத்தைத் துடைக்கும்போது, அந்த இடது காதை மட்டும் முந்தானையால் இன்னொரு தடவை துடைக்கிறேன்.